வரியை இன்று கொடுப்பதா, நாளை கொடுப்பதா?

தோணியில் ஏறும்போது கொடுத்தாலென்ன, இறங்கும்போது கொடுத்தாலென்ன, கூலி ஒன்றுதானே என்று எண்ணுவோம். ஆனால் இறங்குதுறையில் கூலி வேறாயின் அவ்வாறு எண்ணுதல் தகாது. முதுமைக்கெனச் சேர்க்கும் பணத்துக்கு அரசாங்கங்கள் அளிக்கும் வரிச் சலுகையும் இத்தகையதே. கனடா நாட்டிலுள்ள இருவகைச் சேமிப்புக் கணக்குகளைக் கொண்டு இதனை இவ்வாரம் ஆராய்வோம். நம் வாசகர் பலருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் ரொறன்ரோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உழைத்து வாழ்கின்றனர். ஆதலால் இஃது நமக்கு அயலார் விஷயமன்று.

முதலாவது, 1957 ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட பதிவுபெற்ற இளைப்பாறுகைச் சேமிப்புத் திட்டம். அங்குள்ளோர் அதனை ஆர்.ஆர்.எஸ்.பி. என்பர். ஒருவர் முந்திய ஆண்டில் உழைத்த வருமானத்தில் நூற்றுக்கு 18 வீதம் வரை இதில் இடலாம். எனினும் ஆண்டுதோறும் ஓர் உச்ச எல்லை விதிக்கப்படுகின்றது. 2025 ஆம் ஆண்டுக்கு அது 32,490 டொலர். இட்ட தொகை வருமானத்திலிருந்து கழிக்கப்படுவதால் வரி குறைகின்றது. கணக்கினுள் வளரும் வட்டிக்கும் இலாபத்துக்கும் அப்போதைக்கு வரியில்லை. ஆனால் பணத்தை எடுக்கும்போது, எடுத்த தொகை முழுவதும் அவ்வாண்டின் வருமானமாகக் கொள்ளப்படும். 71 வயதை அடையும் ஆண்டின் முடிவுக்குள் இக்கணக்கை மூடிவிடல் வேண்டும். பணத்தை ஒருங்கே பெற விரும்பாதோர், ஆண்டுதோறும் குறித்த அளவேனும் எடுத்தேயாக வேண்டிய வேறொரு நிதிக்கு அதனை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, 2009 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கு, சுருக்கமாக ரி.எவ்.எஸ்.ஏ. 2025 ஆம் ஆண்டுக்குரிய எல்லை 7,000 டொலர். இதில் இடும் பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது. ஆனால் அதன் வளர்ச்சிக்கும் வரியில்லை, எடுக்கும்போதும் வரியில்லை. ஓராண்டில் இடாமல் விட்ட இடம் அடுத்த ஆண்டுகளுக்குச் செல்லும். எல்லையை மீறினாலோ, மிகையான தொகைக்கு மாதந்தோறும் நூற்றுக்கு 1 வீதம் தண்டம் உண்டு.

இவ்விரண்டில் எது நன்று? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் 1,000 டொலர் உழைக்கிறார். வரி நூற்றுக்கு 30 வீதம். இட்ட பணம் காலக்கிரமத்தில் இருமடங்காகிறது எனக் கொள்வோம். முதற்கணக்கில் 1,000 டொலர் 2,000 ஆகி, வரி போக 1,400 கைக்கு வரும். இரண்டாவதில், வரி போக எஞ்சிய 700 டொலர் 1,400 ஆகும். இரண்டும் சமமே! முதுமையில் வரி வீதம் 20 ஆகக் குறைந்தால் முதற்கணக்கு 1,600 டொலர் தரும். 40 ஆக உயர்ந்தால் 1,200 மட்டுமே தரும். ஆகவே முதற்கணக்கால் இவ்வாண்டு மீண்டுவரும் வரிப்பணம் அரசாங்கத்தின் நன்கொடையன்று. அது பின்னர் கொடுக்கவேண்டிய வரியின் தவணையே.

குறைந்த ஊதியம் பெறுவோர் இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். கனடாவில் 65 வயதடைந்தோருக்கு முதியோர் உதவிப்பணம் உண்டு. அதனை முழுமையாகப் பெறுவதற்கு, 18 வயதுக்குப் பின் 40 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். 35 வயதில் அங்கு சென்றவர், 65 வயதில் நாற்பதில் முப்பது பங்கே பெறுவார். வருமானம் குறைந்த முதியோருக்கு இதன்மேல் ஒரு குறைநிரப்புத் தொகையும் வழங்கப்படுகின்றது. முதற்கணக்கிலிருந்து எடுக்கும் பணம் வருமானமாகக் கணிக்கப்படுவதால், ஒவ்வொரு டொலருக்கும் ஏறத்தாழ ஐம்பது சதம் அத்தொகையில் குறையும். ரி.எவ்.எஸ்.ஏ.யிலிருந்து எடுப்பது அதனைத் தீண்டாது. இளமையில் நூற்றுக்கு இருபது வரி மிச்சம்பிடித்து, முதுமையில் நூற்றுக்கு ஐம்பதை இழப்பது எவ்வகைச் சிக்கனம்? தொழிற்சாலைகளிலும் உணவுச்சாலைகளிலும் இரவு பகலாக உழைக்கும் நம்மவருக்கு இது சிறு விஷயமன்று.

மறுபுறம், உயர்ந்த சம்பளம் பெற்று, முதுமையில் வருமானம் குறையுமென எதிர்பார்ப்போருக்கு முதற்கணக்கே ஏற்றது. அன்றியும் சில தொழில்தருநர், தொழிலாளி இடும் தொகைக்கு ஈடாகத் தாமும் ஒரு பங்கு இடுவதுண்டு. அவ்வாய்ப்பு உள்ளவர் அதனைக் கைவிடலாகாது.

எனவே, கடல் கடந்து வாழும் பிள்ளைகள் தொலைபேசியில் அழைக்கும்போது, “இவ்வாண்டு வரி எவ்வளவு மீண்டது?” என்று மட்டும் வினவாதீர்கள். “அறுபத்தைந்து வயதில் உன் வருமானம் எவ்வளவாயிருக்கும்?” என்றும் வினவுங்கள். எந்தக் கணக்கில் இடுவது என்பதற்கு விடை அதிலேதான் இருக்கின்றது.