மறையாத எழுத்து

நதானியல் ஹோதோர்ண் 1850இல் வெளியிட்ட 'ஸ்கார்லெற் லெற்றர்' என்னும் அமெரிக்க நாவலைப் பாவத்தின் கதை என்பர். யான் அதனைப் பாவத்தை மறைத்தலின் கதை என்பேன். பொஸ்ரன் நகரத்துத் தூய்மைவாதிகள் ஒழுக்கம் பிறழ்ந்த ஹெஸ்ரரின் மார்பிற் செந்நிற ஆங்கில முதலெழுத்தைச் சூட்டினர். அவள் அதனை ஒளித்திலள், நோயாளரைப் பேணினாள், வறியோர்க்கு உதவினாள். பழி சுட்டிய எழுத்துக்குப் பின்னர் ஊரவரே 'ஆற்றலுடையாள்' எனப் பொருள் கண்டனர். குற்றத்திற் பங்காளராகிய போதகர் டிம்மெஸ்டேலோ அதனை நெஞ்சில் ஒளித்து நலிந்து மாண்டார். கல்விமானாகிய கணவன் சில்லிங்வேர்த், தன்னை இன்னாரெனக் காட்டாது பழிவாங்க முனைந்து கொடியவனாயினான். ஈற்றில் ஹெஸ்ரர், எவரும் ஏவாதிருக்கவும், அவ்வெழுத்தைத் தானே மீண்டும் அணிகின்றாள். வெளிப்படத் தாங்கியமையாலன்றோ தண்டனைக் குறி அவளுக்கு அணியாயிற்று? இந்நாவல் மாணவர்க்கு ஆகாதென்பார்க்கு யான் கூறும் விடை இதுவே.