கடைசியாக வருபவரின் பெயர்

2022ஆம் ஆண்டை இலங்கையர் வரிசைகளின் ஆண்டாகவே நினைவில் வைத்திருப்பர். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒன்று, நாட்டை விட்டுப் போவதற்கான கடவுச்சீட்டுக்கு இன்னொன்று. அந்த ஆண்டில்தான், எனது ஐம்பத்து மூன்றாவது வயதில், நான் ஓடத் தொடங்கினேன். நின்று களைத்தவன் ஓடத் தொடங்கிவிட்டான் என்று அலுவலக நண்பர்கள் கேலி செய்தனர். உண்மைக் காரணம் அவ்வளவு சுவையானதன்று. முந்திய டிசெம்பரில் எனது இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த வைத்தியர், "மாத்திரையைக் கூட்டட்டுமா, அல்லது நீங்கள் உடம்பை அசைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். முப்பது வருடங்களாக இரவு ஒரு மணிக்குப் பக்கம் முடித்து, கொத்துரொட்டி தின்று, காலை பத்து மணிவரை உறங்கிய உடம்பு அது.

முதல் ஓட்டம் ஜனவரி முதல் வாரத்தில், வெள்ளவத்தையில் கடலோரமாகச் செல்லும் மரைன் டிரைவ் வீதியில். நானூறு மீற்றர் தாண்டியிருக்க மாட்டேன். மூச்சு வாங்கக் குனிந்து நின்றபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கைத்தடியுடன் நடந்துவந்து, என்னைப் பரிவோடு பார்த்துவிட்டுக் கடந்து சென்றார். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போனேன்.

ஓட்டத்தைப் பற்றி எழுதும்போது எனது தலைமுறைத் தமிழர் ஒருவர் சொல்லாமல் விடமுடியாத ஒன்று உண்டு. எங்களுக்கு ஓடுதல் என்பது உடற்பயிற்சியின் பெயராக இருக்கவில்லை. விமானத்தின் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடினோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நாவற்குழிப் பக்கமாக வெளியேறியபோது ஓடவும் வழியிருக்கவில்லை. மழையில், இருட்டில், ஓர் அடிக்கு மறு அடி வைக்க நேரமெடுத்தது. பின்னர் கொழும்புக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லித் தந்த முதற்பாடம், வீதியில் ஒருபோதும் ஓடாதே என்பதுதான். பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. சோதனைச்சாவடி இருக்கும் நகரத்தில் ஓடுகிற தமிழ் இளைஞன் ஏன் ஓடுகிறான் என்று எவரும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்குக் காற்சட்டையும் சப்பாத்துமாக நான் வீதியில் இறங்கியபோது, கால்களுக்கு முன்பாக முதுகுதான் கூசியது.

ஜெஃப் கலோவே என்ற அமெரிக்கர் பரப்பிய முறை ஒன்று எனக்குக் கைகொடுத்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய அவர், சாதாரண மனிதர்களுக்குச் சொன்னது மிக எளிமையானது: களைத்த பின் நடக்காதே, களைக்கும் முன்னரே நட. ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது. பின்னர் இரண்டு நிமிடம் ஓடி ஒன்று நடப்பது. மார்ச் மாதமளவில் நிற்காமல் மூன்று கிலோமீற்றர் போக முடிந்தது. அப்போது மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. வீதிவிளக்குகள் இல்லாத இருட்டில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஓடினேன். பத்திரிகைத் தாள் தட்டுப்பாட்டினால் சில நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்திவிட்டிருந்தன. பக்கங்கள் குறைந்ததால் வீட்டுக்கு நேரத்தோடு வந்தேன். அதனால் நேரத்தோடு எழவும் முடிந்தது. இந்த உடல்நலத்துக்கு எவருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடாரம் அடித்த பின்னர் எனது ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் அங்கு முடிவதாயிற்று. வெள்ளவத்தையிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். செய்தியாளனாகப் பகலில் போன இடத்துக்கு வியர்வையோடு விடியலில் போவது வேறு அனுபவம். முழக்கங்கள் ஓய்ந்து, கூடாரங்களில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, எவரோ ஒருவர் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டின் பயிற்சி ஓட்டங்களில் மறக்கமுடியாதது ஜூன் மாதத்தில் நடந்தது. எரிபொருள் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேல் வாகனங்கள் நின்றிருந்தன. சாரதிகள் இருக்கைகளிலேயே உறங்கினர். நான் அந்த வரிசைக்குச் சமாந்தரமாக ஓடிவந்தேன். முச்சக்கரவண்டியிலிருந்து ஓர் இளைஞன் திடுக்கிட்டு எழுந்து, "அங்கிள், எங்க ஓடுறீங்க? அந்தப் பக்கம் பெற்றோல் வந்திருச்சா?" என்று கத்தினான். இல்லை தம்பி, சும்மா ஓடுகிறேன் என்றேன். "சும்மாவா?" என்று அவன் கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் இரண்டு வண்டிகளை அதற்குள் இயக்கியும் விட்டார்கள். அன்று எனக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. மூன்று வேளை உணவு நிச்சயமில்லாத நாட்டில், தின்ற உணவை எரிப்பதற்காக ஓடுபவனாக நான் இருந்தேன்.

ஜூலை 22 அதிகாலை இராணுவமும் பொலிஸாரும் காலிமுகத்திடலில் புகுந்து கூடாரங்களை அகற்றத் தொடங்கினர். சில நாட்களின் பின் அந்தப் பக்கமாக ஓடிய என்னைத் தடுப்புக்கு அருகில் பொலிஸ்காரர் ஒருவர் நிறுத்தி அடையாள அட்டையைக் கேட்டார். காற்சட்டைப் பையில் வீட்டுச் சாவி மட்டுமே இருந்தது. ஐம்பத்து மூன்று வயது மனிதனின் வாய் உலர்ந்து போயிற்று. அவர் எனது நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்து, போகச் சொல்லிவிட்டார். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். எனது பயம் அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

ஒக்டோபரில் கொழும்பில் நடந்த அரை மரதன் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். எங்கள் ஊர்களில் புத்தாண்டு விழாவில் நான்கு கிலோமீற்றர் ஓடினாலும் அதை மரதன் என்றுதான் சொல்வோம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் நிலைபெற்ற மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதன் பாதி 21 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். முடிவுக்கோடு மூன்றரை மணித்தியாலம் திறந்திருக்கும் என்று ஏற்பாட்டாளர்கள் அறிவித்திருந்தனர். பதினைந்தாவது கிலோமீற்றர் வரை திட்டப்படி போனேன். பின்னர் வெயில் ஏறியது. கொழும்பின் வெயிலை விட அதன் ஈரப்பதனே கொடியது. வியர்வை உலர்வதில்லை, உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தண்ணீர் மேசைகள் இருக்கவேண்டிய இடங்களில் நசுங்கிய போத்தல்கள் மட்டும் கிடந்தன. போக்குவரத்துத் திறந்துவிடப்பட்டதால் பஸ்களுக்கு ஓரமாக ஒதுங்கி ஓடினேன். எனக்குப் பின்னால் எவரும் இல்லை.

மூன்று மணித்தியாலம் பதினான்கு நிமிடத்தில் முடிவிடத்தை அடைந்தேன். அங்கே முடிவிடம் இருக்கவில்லை. வளைவைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நேரம் பதியும் பாய் சுருட்டப்பட்டுவிட்டது. பதாகையை மடித்துக்கொண்டிருந்த பையனிடம், கோடு எங்கே என்று கேட்டேன். அவன் சங்கடத்தோடு தரையைப் பார்த்து, உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டினான். அதைத் தாண்டினேன். பதக்கங்கள் முடிந்துவிட்டன, தபாலில் அனுப்புவோம் என்று ஒருவர் முகவரி எழுதிக்கொண்டார். பதக்கம் இன்னும் வந்து சேரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெறுபேறுகளைப் பார்த்தபோது எனது இலக்கத்துக்கு எதிரே, ஓட்டத்தை முடிக்கவில்லை என்று இருந்தது.

எனக்கு அன்று ரணதுங்க கருணாநந்த ஞாபகத்துக்கு வந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக 10,000 மீற்றர் ஓடியவர். அன்று வென்றவர் பில்லி மில்ஸ். ஒலிம்பிக்கில் அந்தத் தூரத்தை வென்ற ஒரே அமெரிக்கர் இன்றும் அவரே. அந்தப் பரபரப்பு அடங்கி, எல்லோரும் முடித்துவிட்ட பின்னரும் கருணாநந்தவுக்குச் சில சுற்றுகள் எஞ்சியிருந்தன. தனியாக ஓடினார். முதலில் சிரித்த அரங்கம் பின்னர் எழுந்து நின்று கைதட்டியது. ஜப்பானியர் அந்தக் கதையைத் தமது பாடசாலைப் பாடநூலில் சேர்த்தனர். நமது பாடசாலைகளில் அவரைத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பர்? டோக்கியோவில் அன்று நேரம் பதிபவர்கள் கலைந்து போயிருந்தால் அந்தக் கதையே இருந்திராது என்பதை நாம் யோசிப்பதில்லை.

ஏற்பாட்டாளர்களைக் கண்டித்து ஒரு பத்தி எழுத அமர்ந்தேன். பாதியில் நின்றுவிட்டது. 1990களின் பிற்பகுதியில் விளையாட்டுப் பக்கத்தில் உப ஆசிரியராக இருந்தபோது, மலையகத்திலிருந்து ஊர் நிருபர் ஒருவர் வீதியோட்டம் பற்றிக் கையெழுத்தில் செய்தி அனுப்பியிருந்தார். முதல் மூவரின் பெயர்களுக்குப் பின், கடைசியாக வந்த தோட்டத் தொழிலாளி ஒருவரைப் பற்றி ஆறேழு வரிகள். வெறுங்காலோடு, மழையில், எல்லோரும் போன பின் வந்து சேர்ந்தாராம். எனக்கு விளம்பரத்துக்கு இடம் தேவைப்பட்டது. சிவப்புப் பேனாவால் அந்த வரிகளை வெட்டினேன். வெட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய பெயர் நினைவில் இல்லை. வளைவைக் கழற்றும் வேலையை நான் எப்போதோ தொடங்கிவிட்டேன்.

நமது சமூகத்தில் ஓட்டம் இல்ல மெய்வல்லுநர் போட்டியோடு முடிந்துவிடுகிறது. வெல்பவன் ஓடட்டும், மற்றவன் கொட்டகையில் இருந்து கத்தட்டும் என்பதே பாடசாலையில் நாம் கற்பது. நாற்பது வயதில் ஓடினால், என்ன வருத்தம் என்று கேட்கிறார்கள். பெண்ணானால் கேட்கவே வேண்டாம். 2023இல் முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றபோது எல்லோரும் முதற்பக்கத்தில் போட்டோம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவர் வென்றதால்தான் போட்டோம். வெல்லாமல், சும்மா ஓடும் எழுபது வயதுப் பெண்ணுக்கு நமது வீதியிலும் இடமில்லை, பக்கத்திலும் இடமில்லை. வீதியோட்டம் நடத்துவோர் பரிசுத்தொகையில் கொஞ்சத்தைக் குறைத்தாயினும், அறிவித்த நேரம் முடியும்வரை வளைவையும் ஒரு தண்ணீர் மேசையையும் வைத்திருக்க வேண்டும். இது கருணை அன்று. பெயர் கொடுக்கும்போது கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டின் கடைசி ஓட்டம் டிசெம்பரில், யாழ்ப்பாணத்தில், நான் படித்த பாடசாலையின் பழைய மாணவர்கள் ஒழுங்கு செய்த ஐந்து கிலோமீற்றர். முந்திய நாள் மழை பெய்து வீதியெங்கும் வெள்ளம் தேங்கியிருந்தது. நான் முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தேன். அறுபது பேரில் நாற்பத்தொன்றாவது இடம், என் வாழ்நாளின் உச்சம். தேநீர் குடித்துவிட்டுக் கோட்டுக்கு அருகில் போய் நின்றேன். கதிரைகளை அடுக்கத் தொடங்கியவர்களிடம், தம்பிமாரே, இன்னும் ஒராள் வர இருக்கிறா, பொறுங்கோ என்றேன். ஒரு மணித்தியாலமும் நான்கு நிமிடமும் கடந்தபோது அவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. சேலைக்குப் பதிலாகப் பஞ்சாபியும், மகனின் பழைய சப்பாத்தும். எட்டுப் பேர் கைதட்டினோம். "இவ்வளவு பேரும் எனக்காகவோ நிக்கிறியள்? வெயிலுக்குள்ள, பாவங்கள்" என்றார்.

பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அன்று மாலையே பத்து வரிச் செய்தி எழுதி, கடைசி இரண்டு வரிகளில் அவருடைய பெயரையும் நேரத்தையும் சேர்த்து, எமது விளையாட்டுப் பக்கத்துக்கு அனுப்பினேன். மறுநாள் எட்டு வரிகள் வந்திருந்தன.