தெரியலைன்னா கேட்டுச் சொல்லுங்க

ஓட்டல் நடத்துபவர்களுக்கும், தோசை மாஸ்டர்களுக்கும், இலை போட்டுப் பரிமாறும் அண்ணன்மாருக்கும், ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து வரும் அம்மாக்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இது.

நாங்கள் சீலியாக் என்ற குடல் நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர். கோடை விடுமுறை வருகிறது. எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் போல எங்கள் பிள்ளைகளுக்கும் கொடைக்கானல் ஏரியில் படகு ஓட்ட வேண்டும், ராமேசுவரத்தில் கடலில் நிற்க வேண்டும். கூட்டிப்போக எங்களுக்கும் ஆசைதான். போகிற இடத்தில் பிள்ளை எதைச் சாப்பிடும் என்ற ஒரு கேள்வியாலேயே எங்களில் பலர் எங்கும் கிளம்புவதில்லை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை வீசினால் கிழியாமல் விரிகிறதே, அது இந்தப் புரதத்தால்தான். சீலியாக் உள்ளவர்களுக்கு அது வயிற்றுக்குள் போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கத் தொடங்கிவிடும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தசோகை வரும். சில பிள்ளைகள் வளர்த்தியே இல்லாமல் நின்றுபோவார்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே குடல் கெட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. இதற்கு மாத்திரை கிடையாது. கோதுமையை விலக்கினால் இந்தக் குழந்தைகள் தேறுகிறார்கள் என்று நெதர்லாந்து மருத்துவர் வில்லம் டிக்கே 1950-இல் எழுதினார். இன்றைக்கும் அது ஒன்றே சிகிச்சை, ஆயுள் முழுக்க.

வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் பக்கம் மிகக் குறைவு. அதனால் ஓட்டலில் யாரும் இதைக் கேள்விப்பட்டிருப்பதில்லை; அதில் யார்மேலும் எங்களுக்குக் குறை இல்லை. "கோதுமை சேர்த்திருக்கா?" என்று கேட்டால் "கோதுமை இல்லைங்க, மைதாதான்" என்று நல்ல மனதோடு பதில் வருகிறது. மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதை இந்த வேண்டுகோளின் முதல் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பாலில் கலக்கும் மால்ட் பானம் பார்லியிலிருந்து வருவது, அதுவும் ஆகாது. அரிசி, உளுந்து, கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, சோளம் எதிலும் பயமில்லை.

அரிசிச் சாப்பாட்டு ஊரில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் வரை. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பெருங்காயப் பிசினின் நெடியும் வீரியமும் அதிகம். அதைத் தணித்து விற்க மாவு சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக்குகிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருக்கிறது. ஒரு சிட்டிகைதானே என்று விட முடியாது, ஏனென்றால் அந்தச் சிட்டிகை சாம்பாரில் விழுகிறது, ரசத்தில் விழுகிறது, இட்லிப் பொடியில், புளியோதரையில், முறுக்கில், வடையில் என்று ஒரு நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது. ஓட்டல்காரர்கள் அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது அதை வாங்கினால், ருசியில் ஒரு குறையும் இல்லாமல் உங்கள் சாம்பார் எங்கள் பிள்ளைகளுக்கும் சாம்பாராகிவிடும்.

எங்களில் ஒரு தாய், ஒன்பது வயது மகளோடு ஒரு மலையூருக்குப் போயிருந்தார். மூன்று நாளும் அந்தப் பெண் இட்லியைச் சர்க்கரை தொட்டுத்தான் சாப்பிட்டாள். சாம்பார் வாளி பக்கத்தில் வந்தபோதெல்லாம் கையால் இலையை மறைத்துக்கொண்டாள். நான்காம் நாள் காலையில், ஒரே ஒரு தோசை வேண்டும் என்றாள். தாய் பரிமாறுபவரிடம் விசாரித்தார். "சுத்தமான அரிசி மாவுங்க, நூறு சதவீதம்" என்றார் அவர். சொன்னது பொய்யில்லை, மாவு அரிசி மாவுதான். ஆனால் அதற்கு முன் அதே கல்லில் ரவா தோசை ஊற்றியிருந்தார்கள். சுரண்டிய கரண்டியும் அதுவே. அன்று இரவு இரண்டு மணிக்கு லாட்ஜின் குளியலறையில் மகளைத் தாங்கிப் பிடித்தபடி அவர் எங்களுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் படகும் இல்லை, ஏரியும் இல்லை.

ஒரு கரண்டியில் ஒட்டியது அவ்வளவு செய்யுமா என்று கேட்பீர்கள். குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளை விற்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ சாப்பாட்டில் 200 மில்லிகிராம் மாவு. விரல் நுனியில் ஒட்டுகிற அளவு அவ்வளவுதான். பூரியும் சமோசாவும் பொரித்த எண்ணெயில் போட்ட உளுந்து வடையும் அப்பளமும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

தனிச் சமையலோ தனிச் சமையற்கட்டோ நாங்கள் கேட்கவில்லை. காலையில் கழுவித் தேய்த்துக் காயவைத்த கல்லில் முதல் தோசையை எங்களுக்கு ஊற்றிக் கொடுங்கள், அதற்காகக் கடை திறக்கும் முன்பே வந்து காத்திருக்கிறோம். ரவா இட்லி வேகாத தட்டில் வெந்த இட்லி போதும். பெருங்காயம் போடாத தேங்காய்ச் சட்னி ஒரு கிண்ணம் தாளிக்கும் முன்பே எடுத்து வைத்தால் பெரிய உதவி. வாழையிலை இருக்கிற ஊர் நம் ஊர். தட்டில் என்ன ஒட்டியிருக்குமோ என்ற கவலையிலிருந்து அது எங்களை எத்தனை முறை காப்பாற்றியிருக்கிறது தெரியுமா!

இவை எதுவும் முடியாத நாளும் இருக்கும். கூட்ட நேரத்தில் அடுப்படி எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். அப்போது வேண்டியது ஒன்றுதான்: தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்ற சொல் அன்பில் வருவதுதான். ஆனாலும் எங்களுக்கு அதைவிடப் பயமான சொல் இல்லை. "எனக்குத் தெரியலைங்க, மாஸ்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்று ஒருவர் உள்ளே போனால் எங்களுக்கு உயிர் வருகிறது. "இங்க வேண்டாங்க, எல்லாம் ஒரே கல்லுதான்" என்று திருப்பி அனுப்பியவர்களை நாங்கள் நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம்.

முறுக்கு, சேவு, மிக்சர் பாக்கெட் போடும் தொழில் செய்வோரிடம் ஒரு வார்த்தை. பாக்கெட் உணவில் கோதுமை இருந்தால் உறையில் சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகளே கூறுகின்றன. பெருங்காயத்தில் உள்ள கோதுமையையும் மறக்காமல் உறையில் குறிப்பிடுங்கள். பேருந்து நிலையத்தில் எங்களுக்கு அந்த ஒரு வரிதான் துணை.

ரயிலில் பிஸ்கட்டைப் பிரித்ததும் பக்கத்துப் பிள்ளைக்கு முதலில் நீட்டும் அம்மாக்களே, அந்தக் கை எங்களுக்கு வேண்டும். நீட்டுமுன் எங்களை ஒரு பார்வை பாருங்கள், அவ்வளவுதான். வாழைப்பழம் கொடுங்கள், கடலை மிட்டாய் கொடுங்கள். பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டினால் "ஒரு வாய் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். கோயிலில் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு அப்படியே தாயிடம் கொடுத்துவிடும் குழந்தையைப் பார்த்தால் மரியாதை தெரியாத பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கும் அந்தச் சர்க்கரைப் பொங்கல்மேல் ஆசைதான். பக்கத்து அண்டாவில் ரவா கேசரி இருந்திருக்கும்.

இந்த விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் கழுத்துப் பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார்கள். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, கூட்டுப் பெருங்காயம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே கல், கரண்டி, எண்ணெய் என்று மூன்று சொல். அதை உங்களிடம் நீட்டும்போது வாங்கிப் படித்துவிட்டு, அடுப்படிக்குள் எடுத்துப்போய் மாஸ்டரிடம் காட்டிக் கேட்டு வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சீலியாக் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்