ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

நலமான கால் எலும்பை வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் நாள்தோறும் சிறிது சிறிதாக விலக்கி, சில மாதங்களில் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம் கூட்டிக்கொள்ளும் அழகியல் அறுவை குறித்து ஒரு நம்பிக்கை பரவலாக வேரூன்றியிருக்கிறது. காலைச் சுற்றி வளையங்களும் கம்பிகளும் மாட்டிய காலத்தில் அது ஆபத்தான காரியமாக இருந்திருக்கலாம்; இப்போது எலும்புக்குள்ளேயே ராடு செலுத்திக் காந்தத்தால் இயக்குவதால் ஆபத்து ஏறக்குறைய நீங்கிவிட்டது; எஞ்சியிருப்பவை பணமும் பொறுமையும்தான் என்பதே அந்நம்பிக்கை. கருவியின் வரலாற்றை ஓரளவு சரியாகச் சொல்லும் இந்தக் கூற்று, எந்த உடலுக்குள் அக்கருவி செல்கிறதோ அந்த உடலைப் பற்றி எதையுமே சொல்வதில்லை.

கால் எலும்பை நீட்டும் முயற்சி புதிதன்று. இத்தாலியின் பொலோன்யா நகரில் அலெசாந்த்ரோ கோதிவில்லா என்னும் அறுவை மருத்துவர், தொடையெலும்பை வெட்டிக் காலை விசையுடன் இழுத்து நீட்டிய தம் அனுபவத்தை 1905ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஆனால் அதை நம்பத்தக்க மருத்துவமுறையாக்கியவர், மேற்குச் சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களிலிருந்து உழைத்த கவ்ரீல் இலிசாரோவ். எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்கும் அதன் குருதியோட்டத்துக்கும் இயன்றவரை ஊறு நேராமல் வெட்டி, சில நாள் காத்திருந்து, பின்னர் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவை நான்கு கால் மில்லிமீட்டர்களாகப் பிரித்து விலக்கினால், அந்த இடைவெளியில் புதிய எலும்பு உருவாகிறது என்பதே அவர் நிலைநாட்டிய நெறி. வேகம் கூடினால் எலும்பு பிடிக்காது. குறைந்தால் இலக்கை எட்டுமுன்பே இரு முனைகளும் ஒட்டிக்கொள்ளும். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று, மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் சிதைந்த வலேரி புருமேல், பல அறுவைகள் பயன் தராத நிலையில் நாடிச் சென்றது இந்த இலிசாரோவையே. சிதைந்த காலை மீட்க எழுந்த முறை இது என்பதை, சிதையாத காலுக்கு அதைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

பரவலான நம்பிக்கையின் மூலப்பிழை, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவைக் கால் முழுவதற்கும் உரிய அளவாகக் கொள்வதில் இருக்கிறது. அது எலும்புக்குரிய அளவு. அதே எலும்பைச் சுற்றியுள்ள தசை, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், நரம்பு, குருதிக்குழாய் ஆகியவை புதிதாக வளர்ந்து இடைவெளியை நிரப்புவதைக் காட்டிலும் இழுபட்டு இறுகுவதே மிகுதி. தொடையெலும்பை நீட்டும்போது முழங்கால் மடங்கும் திறன் குறைகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பை நீட்டும்போது குதிகால் தசைநாண் இறுகிக் குதிகால் தரையில் படாமல் பாதம் முன்புறம் சாய்ந்து நின்றுவிடுகிறது. அந்தப் பெரிய எலும்போடு அருகிலுள்ள மெல்லிய எலும்பையும் வெட்ட வேண்டும்; அதன் முனைகளை முறையாகப் பிணைக்காவிட்டால் கணுக்கால் மூட்டின் அமைப்பே குலையும். முழங்காலின் வெளிப்புறத்தைச் சுற்றிச் செல்லும் நரம்பு அளவுக்கு மீறி இழுபட்டால் பாதத்தைத் தூக்கும் ஆற்றல் குன்றும். இவற்றைத் தடுக்கத்தான் ஒவ்வொரு நாளும் பல மணி நேர இயன்முறைப் பயிற்சி விதிக்கப்படுகிறது. வலி தாங்காமல் அதில் குறைவு நேர்ந்தால் மூட்டு இறுகும், இறுகியதை விடுவிக்க இன்னோர் அறுவை வரும். விளம்பரங்களில் ராடின் படம் பெரிதாகவும் இயன்முறை மருத்துவரின் பெயர் சிறிதாகவும் இருப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

கருவி மாறியதால் நேர்ந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. தோலைத் துளைத்து எலும்புக்குள் செல்லும் கம்பிகளின் வாயில் சீழ் பிடிப்பது வெளி வளைய முறையின் ஓயாத தொல்லை. 2011இல் அமெரிக்க அனுமதி பெற்ற பிரிசைஸ் என்னும் காந்த ராடு போன்றவை அதை அகற்றின. எலும்புக்குள் ராடு செலுத்தி வெளி வளையத்தாலேயே நீட்டி, பின் வளையத்தை விரைவில் கழற்றும் கலப்பு முறை வளையம் சுமக்கும் மாதங்களைக் குறைத்தது. ஆனால் உள் ராடு தனக்கே உரிய இடர்களையும் உடன் கொணர்ந்தது. ராடுக்கு இடம் செய்ய மஜ்ஜைக் குழாயைக் குடையும்போது மஜ்ஜைக் கொழுப்பு குருதியில் கலந்து நுரையீரலை அடைக்கும் அபாயம் உண்டு. இரு தொடைகளையும் ஒரே அமர்வில் குடைந்தால் அது கூடும். தொடையெலும்பின் அச்சும் உடற்சுமை இறங்கும் அச்சும் ஒன்றல்ல என்பதால், ராடின் திசையிலேயே எலும்பு நீளும்போது சுமைக்கோடு முழங்காலின் வெளிப்புறம் நோக்கி நகர்கிறது. டைட்டானிய ராடுகள் முழு உடல் எடையைத் தாங்க வல்லவை அல்ல. இரு கால்களும் வெட்டப்பட்டவர், புதிய எலும்பு இறுகும் மாதங்கள் வரை சக்கர நாற்காலியிலோ வாக்கரிலோ இருக்க வேண்டும். இக்குறையைத் தீர்க்க 2018இல் சந்தைக்கு வந்த ஸ்ட்ரைட் என்னும் துருப்பிடிக்கா எஃகு ராடு, எடை ஊன்றி நடக்கலாம் என்ற வாக்குறுதியுடன் கொண்டாடப்பட்டது. அதன் இணைப்பிடத்தில் அரிப்பும் அருகிலுள்ள எலும்பில் மாற்றங்களும் காணப்பட்டதால், 2021இல் தயாரிப்பு நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. அந்த எஃகின் பெயரிலேயே துருப்பிடிக்காமை இருந்தது.

வெற்றி விழுக்காடுகள் தனி ஆய்வுக்குரியவை. அறுவை மருத்துவர் ட்ரோர் பேலி 1990இல் வெளியிட்ட, இத்துறையில் இன்றளவும் எடுத்தாளப்படும் கட்டுரை, இடர்களை மூவகையாகப் பிரிக்கிறது: மறு அறுவையின்றித் தீர்பவை, மறு அறுவையால் தீர்பவை, சிகிச்சை முடிந்த பின்னும் தீராதவையும் அறுவையின்போதே நேர்ந்த காயங்களும். இலிசாரோவ் முறையில் நீட்டிய 60 எலும்புப் பகுதிகளில் முதல்வகை 35, இரண்டாம் வகை 11, மூன்றாம் வகை 27 என அவர் கணக்கிட்டார். அதே ஆய்வில் 60இல் 57 பகுதிகளில் இலக்கு எட்டப்பட்டது. இரண்டும் உண்மை, முதற்கணக்கை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துரைப்பதில்தான் விற்பனையின் திறமை இருக்கிறது. தொடக்ககால உள் ராடு ஆய்வுகளில் பெரும்பகுதியோ ஒரு கால் குட்டையானவர்களைப் பற்றியது. அவர்களுக்கு ஊன்ற மறுகால் இருக்கிறது. நீளங்களைச் சமன் செய்வதால் இடுப்புக்கும் முதுகுக்கும் ஆதாயம் கிடைக்கிறது. இரு கால்களையும் ஒருசேர நீட்டிக்கொள்ளும் நலமானவருக்கு இவ்விரண்டும் இல்லை என்னும்போது, முன்னவரின் விழுக்காட்டைப் பின்னவருக்குக் காட்டுவது புள்ளியியலிலேயே பிழையாகும்.

உயரக் குறைவால் வரும் மனத்துயரும் நோயே, அதற்கும் சிகிச்சை வேண்டும் என்று வாதிடுவோர் உளர். துயர் மெய்யானது, மணச்சந்தையும் வேலைச்சந்தையும் அதைக் கூட்டுகின்றன என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்தத் துயர் ஆறு சென்டிமீட்டரில் தீருமா என்பதை எக்ஸ்ரே காட்டாது. அதை முன்கூட்டி ஆராயும் மனநல மதிப்பீடோ பல இடங்களில் வெறும் கையொப்பச் சடங்காகிவிட்டது.

2006இல் சீனச் சுகாதார அமைச்சு அழகியல் நோக்கிலான கால் நீட்டிப்பைத் தடை செய்தது. அது வளையக் காலத்துத் தடை, இன்றைய ராடுக்குப் பொருந்தாது என்பது அறுவையின் ஆதரவாளர்கள் விரும்பிச் சொல்லும் மறுப்பு. அந்த ஆணை எந்தக் கருவியையும் விலக்கவில்லை. மருத்துவத் தேவையுள்ளோருக்கு, தகுதி பெற்ற மருத்துவமனைகளில், அதே வளையங்களை அனுமதித்தது. தேவையில்லாத காலைத்தான் அது விலக்கியது.