ஆணை போதாது, சட்டம் வேண்டும்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு நாடாளுமன்றம் அசையாவிட்டால் அதிபரே ஆணையிட்டு முடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 'பம்ப் ஸ்டாக்' விவகாரத்தையே பாருங்கள். துப்பாக்கியின் பின்கட்டையில் பொருத்தும் சாதனம் அது. சுடும்போது எழும் உதைப்பில் துப்பாக்கி முன்னும் பின்னும் ஆட, அசையாமல் வைத்த விரலில் விசை மீண்டும் மீண்டும் இடித்து, குண்டுகள் சரமாரியாகப் பாயும். 2017-இல் லாஸ் வேகஸ் இசை விழாவில் 60 உயிர்களைப் பறித்தவன் பயன்படுத்தியது இதைத்தான். 2019-இல் டிரம்ப் அரசு விதிமுறை வழியே தடை செய்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் இயந்திரத் துப்பாக்கி வரையறைக்குள் இது வராது என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாமே என்று தீர்ப்பை ஆதரித்த நீதிபதி அலிட்டோவே எழுதினார்.

ஆனால் சட்டம் நிறைவேறத் தேவையான 60 வாக்கு செனட்டில் கிடைப்பது குதிரைக்கொம்புதான். சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிஞ்சுகள் பலியான பிறகும், 2013-இல் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிச் சோதனைக்கான திருத்தம் 54 வாக்குகளோடு தோற்றது. நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆனால் யுவால்டி பள்ளிப் படுகொலைக்குப் பின், 2022-இல் இரு கட்சியினரும் சேர்ந்து சட்டம் இயற்றினார்களே! 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்க வந்தால் சிறார் பருவப் பதிவுகளையும் பார்க்கச் சொல்லும் அந்தச் சட்டத்தை, அடுத்து வரும் அதிபர் ஒரு கையெழுத்தில் அழித்துவிட முடியாது.

தங்கள் நீண்டநாள் வாசகர்