நடந்த பிறகுதான் வாழ்வா?



சென்ற மாதம் கிடைத்த கடிதங்களில் ஒன்று முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து வந்தது. எழுதிய தங்கை 2009 இல் ஷெல் துண்டு முதுகில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். "அக்கா, மற்றவர்கள் எல்லோரும் எப்படியோ எழும்பிவிட்டார்கள். நடக்க முடியாத எனக்கு இனி என்ன வாழ்க்கை? பின் அறையும் கூரைத் தகடும்தான் என் உலகம்" என்று கேட்டிருந்தார். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நானும் அதே வருடம் அதே விதமாகக் காயப்பட்டவள். ஆகவே இம்மாதம் அந்தத் தங்கைக்கே பதில் எழுதுகிறேன். மற்றவர்களும் சேர்ந்து வாசியுங்கள்.

தங்கச்சி, முதலில் உண்மையைப் பேசிவிடுவோம். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம் காயப்பட்டால், முதல் மாதங்களில் சிலருக்கு ஓரளவு உணர்வும் அசைவும் திரும்பும். முழுமையாகச் சேதமடைந்த வடத்தைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை. உங்கள் மனத்தை நோகடிக்க இதை நான் சொல்லவில்லை. "இவள் எழும்பி நடக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று எமது வீடுகளில் எல்லாமே பிற்போடப்படுகின்றன. படிப்பு, தொழில், கோயில் திருவிழா, தம்பியின் கலியாணம் எல்லாம் அந்தப் "பிறகு"க்குள் போய்விடுகின்றன. எண்ணெய்க்கும் நேர்த்திக்கும் காசு போகிறது, வருடங்களும் போகின்றன. நடந்த பிறகு வாழலாம் என்று இருந்தால் வாழாமலே போய்விடுவோம்.

எம்மைப்போலப் போரில் காயப்பட்டவர்களிடமிருந்தே இதற்கான வழி பிறந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944 இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது. அதைப் பொறுப்பேற்றவர் வைத்தியர் லுட்விக் குட்மன். யூதரான அவர் 1939 இல் ஜேர்மனியிலிருந்து அகதியாக வந்தவர். அக்காலத்தில் இப்படிக் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் விரைவிலேயே இறந்துபோனார்கள். குட்மன் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளரைத் திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். புண்கள் ஆறியதும் தச்சு வேலை, மணிக்கூடு திருத்துதல் போன்ற தொழில்களில் அவர்களை ஈடுபடுத்தினார். பின்னர் விளையாட்டும் வந்தது. 1948 யூலை 29, லண்டன் ஒலிம்பிக் ஆரம்பமான அதே நாளில், அந்த வைத்தியசாலை வளவில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி அம்பெய்தல் போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்களில் இருவர் பெண்கள். இன்று உலகமே பார்க்கும் பராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டது அந்த நாள்தான். 1960 இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் போட்டியிட்டார்கள்.

இதன் ஒழுங்கைக் கவனியுங்கள் தங்கச்சி. முதலில் புண் ஆறியது. பிறகு கைக்கு ஒரு தொழில் வந்தது. அதன் பிறகே வில்லை எடுத்தார்கள்.

ஆகவே முதலில் உடம்பைப் பார்ப்போம். உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் நோகாது, அதுதான் ஆபத்து. காலையும் மாலையும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து இடுப்பு, பிட்டம், குதிக்கால் மூன்றையும் பாருங்கள். சிவந்த அல்லது கறுத்த தழும்பு கண்டால் அது மறையும்வரை அந்தப் பக்கம் பாரம் கொடுக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் இருக்கும்போது அரை மணித்தியாலம் ஆவதற்குள் ஒரு தடவை முன்னுக்குக் குனிந்தோ பக்கத்துக்குச் சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருங்கள். சமையலறையில் இன்னொரு கவனம் வேண்டும். இறக்கிய சோற்றுப் பானையையோ சுடுதண்ணீர்க் கேத்திலையோ ஒருபோதும் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தோல் வெந்தாலும் எமக்குத் தெரியாது.

தண்ணீர் குடியுங்கள். மலசலகூடம் தூரம், யாரையும் கூப்பிட வெட்கம் என்று எம்மில் பலர் தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். அதனால் சிறுநீரில் தொற்றும் கல்லும் வருகின்றன. குழாய் பாவிப்பவர்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வைத்தியசாலையில் காட்டித் தந்த நேரப்படி சிறுநீரை வெளியேற்ற வேண்டும். நெஞ்சுக்கு மேலே காயப்பட்டவர்களுக்குத் திடீரென மண்டை பிளப்பதுபோலத் தலையிடியும் வியர்வையும் வந்தால் உடனே நிமிர்ந்து இருத்தி, குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பெண்கள் கேட்கத் தயங்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். காயத்தின் பின் சில மாதங்கள் மாதவிடாய் நின்றுபோகலாம், பெரும்பாலும் திரும்பி வரும். இந்தக் காயத்தோடு பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆரம்பம் முதலே வைத்தியரின் கண்காணிப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இனி வில்லைப் பற்றிச் சொல்கிறேன். எமது அயல்நாடான இந்தியாவில் தீபா மாலிக் என்ற பெண்மணி இருக்கிறார். 1970 இல் பிறந்தவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். 1999 இல் முள்ளந்தண்டில் வளர்ந்த கட்டியை அகற்றச் சத்திரசிகிச்சை செய்தபின் நெஞ்சுக்குக் கீழே இயக்கம் போய்விட்டது. அது கார்கில் போர் நடந்த காலம், இராணுவ அதிகாரியான கணவர் போர்முனையில் நின்றார். அதன் பிறகு தீபா செய்தவற்றைப் பாருங்கள். உணவகம் நடத்தினார். நீச்சல் பழகி, 2008 இல் யமுனை ஆற்றில் ஒரு கிலோமீற்றர் தூரம் எதிர்நீச்சல் போட்டார். தனக்கேற்ப மாற்றியமைத்த மோட்டார் சைக்கிள் ஓட்டினார். 2009 இல் இமயமலைப் பாதையில் 1,700 கிலோமீற்றர் தூர வாகனப் போட்டியில் பங்குபற்றினார். 2016 இல் றியோ பராலிம்பிக் போட்டியில் குண்டு எறிதலில் 4.61 மீற்றர் எறிந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். பராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது 45.

"அக்கா, அவருக்குக் காசும் ஆளும் இருந்தது, எமக்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இமயமலை எமக்கு வேண்டாம். எமது சாகசம் எமது படலையிலிருந்து தொடங்குகிறது.

2012 இல் எனக்குக் கையால் மிதிக்கும் முச்சக்கர வண்டி ஒன்று கிடைத்தது. முதல் நாள் நான் படலையைத் திறக்கச் சொன்னபோது அம்மா, "பிள்ளை, சனம் பார்க்கப் போகுது" என்றா. "பார்க்கட்டும் அம்மா, பார்த்துப் பார்த்துப் பழகிவிடும்" என்றேன். சனம் உண்மையிலேயே பழகிவிட்டது. இன்று நான் முட்டைத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு நாலு கிலோமீற்றர் மிதித்துச் சந்தைக்குப் போகிறேன். மழைக்காலத்தில் வண்டி சேற்றில் புதைந்தால் கடைக்காரத் தம்பிகள் வந்து தள்ளிவிடுவார்கள். மாதத்தில் இரண்டு நாள், பனையால் விழுந்தவர்களும் வீதி விபத்தில் காயப்பட்டவர்களுமாகப் புதிதாகப் படுக்கையில் விழுந்தவர்களின் வீடுகளுக்குப் போய், கண்ணாடி பிடித்துப் பார்க்கவும் திரும்பிப் படுக்கவும் காட்டிக்கொடுக்கிறேன். நோயாளியாக இருந்த எனக்கு "அக்கா வந்திட்டா" என்று காத்திருக்கும் வீடுகள் இப்போது இருக்கின்றன.

இன்னொன்றும் செய்தோம். 2009 இன் பிறகு கடல் என்றாலே எங்களில் பலருக்கு நெஞ்சு பதறும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு பேர், சக்கர நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு வான் பிடித்து நிலாவெளிக்குப் போனோம். கூட வந்த உறவினர்கள் தூக்கி இறக்க, இடுப்பளவு தண்ணீரில் இருந்தோம். ஒருத்தி அழுதாள், மற்றவள் அவளுக்குத் தண்ணீர் அடித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். கடல் திரும்பவும் எங்களுக்குக் கடலாகியது.

படலையைத் தாண்டினால் அடுத்த தடை படிக்கட்டு. வங்கியில் படி, பிரதேச செயலகத்தில் படி. இதற்காக உழைத்தவர் ஒருவர் எமது நாட்டிலேயே இருந்தார். கலாநிதி அஜித் பெரேரா கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992 இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மீது மரம் விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்தார். பொதுக் கட்டடங்களுக்கு எவரும் போய்வர வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தும் நடைமுறைப்படவில்லை. அவர் உயர் நீதிமன்றம் போனார். புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று 2011 ஏப்ரல் 27 இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. உங்கள் ஊரில் புதிய கட்டடம் எழும்பினால் சாய்வுப்பாதை எங்கே என்று கேளுங்கள். அது எவரிடமும் கேட்கும் பிச்சை அல்ல, எமது உரிமை.

தங்கச்சி, இம்மாதம் மூன்று காரியங்கள் மட்டும் செய்யுங்கள். ஒரு கண்ணாடி வாங்கி, புண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் முதலில் அதை ஆற்றுங்கள். கை செய்யக்கூடிய தொழில் ஒன்றைத் தெரிவுசெய்து, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை வீட்டுக்கு வரச் சொல்லி, வண்டிக்கும் உதவிக்கும் விண்ணப்பியுங்கள். மூன்றாவதாக, கட்டிலை அந்தப் பின் அறையிலிருந்து விறாந்தைக்கு மாற்றச் சொல்லுங்கள். வீதி தெரிந்தால் வீதிக்குப் போக ஆசை வரும்.

போன இடத்தைப் பற்றி எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம், வீட்டில் கிடைக்கும் பலகையாலும் சீமெந்தாலும் சாய்வுப்பாதை அமைக்கும் முறையை இந்தப் பக்கத்தில் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா