பொடியன்களின் தொகை கொலைக் கணக்கல்ல

ஒரு சமூகத்தில் 15 முதல் 24 வயதினர் கூடினால் கொலையும் கூடும் என்று கணித்து, அந்தக் கணிப்பை நம்பிப் பொலிஸ் நடவடிக்கை வகுப்பதை மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரையம்பதி இளைஞர்களும் பெற்றோரும் சேர்ந்த எங்கள் அமைப்பு ஏற்கவில்லை.

இந்தக் கணிப்புக்கு இலங்கையே பழைய உதாரணம். சாமுவேல் ஹண்டிங்டன் 1996இல் வெளியிட்ட நூலில், முதலில் சிங்கள இளைஞர் கிளர்ச்சியையும் பிறகு தமிழ் இளைஞர் கிளர்ச்சியையும், அந்தந்தச் சமூகத்தில் இவ்வயதினர் 20 சதவீதத்தைத் தாண்டிய காலத்தோடு பொருத்தினார். காலம் பொருந்தலாம், காரணம் வேறு. தெற்கில் சிங்கள இளைஞரின் இரண்டாவது கிளர்ச்சி அடங்கிய கையோடு, 1990இல் இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு அறிக்கை தந்தது. நியமனங்களில் அரசியல் தலையீடு, அதிகாரத் துஷ்பிரயோகம் என்று அது நீதிக் குறைபாடுகளைத்தான் சுட்டியது. தமிழரான எங்கள் பக்கம் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் சேர்ந்துகொண்டன.

கொல்பவர்களிலும் கொல்லப்படுபவர்களிலும் இளம் ஆண்களே அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை நாடுகளுக்கு நீட்டினால் கணக்கு உதைக்கிறது. 2000ஆம் ஆண்டளவில் ரஷ்யா முதுமையடைந்துகொண்டிருந்த நாடு. அங்கே இலட்சத்துக்கு 25 பேருக்கு மேல் கொலையுண்டனர். 2017இல் உலகச் சராசரி 6.1. இலங்கையிலும் முதியோர் பங்கு ஏறுகிறது. ஆனாலும் 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்தவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற குற்ற ஒழிப்புப் பொலிஸ் நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதான பின்புதான் இது நடந்தது.

வன்முறை உள்நோக்கித் திரும்பிய கதையையும் பாருங்கள். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில், உலகின் உச்சங்களில் ஒன்றாக இருந்தது. எங்கள் மாவட்டத்துப் படுவான்கரை வயல்காரருக்கும் தெரிந்த கடும் நஞ்சுக் கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடுக்கப்பட்டன. பத்தாண்டில் வீதம் ஏறத்தாழப் பாதியானது. அதற்காக இளைஞர் யாரையும் கைது செய்யவில்லை. கைக்கெட்டும் தூரத்திலிருந்து நஞ்சை அகற்றினார்கள். துப்பாக்கிக்கும் இதையே கேட்கிறோம்.

காத்தான்குடி எங்கள் அடுத்த ஊர். 1990இல் தமிழ், முஸ்லிம் ஆகிய இரு சமூகத்திலும் உயிர்கள் போயின. அன்று ஆயுதம் யாரிடம் இருந்தது என்பதே தீர்மானித்தது, எந்த ஊரில் எத்தனை பொடியன்கள் என்பதல்ல.

எனவே ஆதாரமில்லாமல், வயதையும் தெருவையும் மட்டும் பார்த்துப் பிடிப்பது நிற்க வேண்டும். முறைப்பாடுகளைத் தமிழிலேயே எழுத வேண்டும். சட்டவிரோத ஆயுதங்கள் எந்த வழியாக வருகின்றன என்று தேட வேண்டும். சிவில் பாதுகாப்புக் குழுக்களில் இரு ஊர் இளைஞர்களுக்கும், பெண்பிள்ளைகள் உட்பட, இடம் ஒதுக்க வேண்டும். மாவட்டக் கொலைப் புள்ளிவிவரத்தை வயது, ஆயுதம், பின்னணி வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுமாறு பொலிஸ் திணைக்களத்தைக் கோருகிறோம்.